மீட்டர்களுக்கு வைத்த பொட்டு

அந்தப் பயணிகள் போட்டின் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த மீட்டர் பலகையை முதன்முதல் பார்த்த அன்று எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் சல்லி என்கிற மீன்பிடிக் கிராமத்தில் பிறந்தவன். மீன் குடலும், காய்கிற கருவாட்டில் மொய்க்கிற இலையானும், வள்ளத்தின் அடியில் தேங்கி நாறுகிற தண்ணீரும் எனக்குப் புதிதில்லை. அந்த நாற்றங்களுக்குள் இருந்து சோறு சாப்பிட்டு வளர்ந்தவன். ஆனால் இது வேறு மாதிரி நாற்றம்.

ஏழு வட்ட மீட்டர்கள் இருந்தன. மேலே நான்கு, கீழே மூன்று. ஏழின் கண்ணாடியிலும் பெருவிரல் தடிப்பில் சந்தனம் அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வைத்ததன் மேல் அடுத்த வெள்ளிக்கிழமை வைத்து, அதன் மேல் அதற்கடுத்தது வைத்து, அடியில் இருந்தது கறுத்து வெடித்து, விளிம்பில் பொருக்குப் பொருக்காகக் கழன்று நின்றது. இரண்டு மீட்டர்களுக்கு நடுவில் ஊதுபத்திக் குச்சிகள். பிழிந்த தேசிக்காய்ச் சாறு வழிந்து பித்தளை வளையங்கள் பச்சையாகப் பூத்திருந்தன. பழுத்த மல்லிகைச் சரம் ஒன்று டீசல் மணத்தோடு புளித்துக் கிடந்தது. பலகையின் ஓரத்தில் யாரோ வெற்றிலை போட்ட விரலைத் துடைத்திருந்தார்கள்.

“என்ன தம்பி அப்பிடிப் பாக்கிறீங்கள்?” என்றார் ஓட்டி அண்ணன். அந்தப் போட்டை ஓட்டுகிறவர் அவர்தான். நாற்பது வயது இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் கிரிக்கெட் தொப்பி போட்டிருப்பார்.

“மீட்டர் ஒண்டும் தெரியேல்லையே அண்ணை. ஓடேக்க பாக்கிறதில்லையோ?”

“மீட்டரைப் பாக்கவோ, கரையைப் பாக்கவோ? எனக்கு ரெண்டு கண்தானே கிடக்கு.”

துறையில் நின்ற மற்றப் போட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புதிதாகச் சேர்ந்தவன் சிரிக்காமல் இருக்க ஏலாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மா ஐந்தாம் வகுப்போடு கருவாடு காயப்போடப் போய்விட்டா. உயர்தரம் எழுதினேன், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. பிறகு ஆறு மாதம் கடல் இயந்திரப் படிப்புப் படித்தேன். அந்தப் படிப்பு முடிந்தவன் பயணிகள் போட் ஓட்டும் அனுமதிப்பத்திரச் சோதினைக்குப் போகலாம். ஆனால் ஒரு வருடம் பயணிகள் போட் ஒன்றில் வேலை செய்திருக்கிறான் என்று அந்தப் போட்டின் சொந்தக்காரர் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும். அந்தத் தாளுக்காகத்தான் நான் இந்தப் போட்டில் சேர்ந்தனான். அப்பா கடலில் நனைந்து நனைந்து என்னைப் படிப்பித்ததெல்லாம் கடைசியில் அந்த ஒரு தாளில் வந்து நின்றது.

போட் இருபது பேர் இருக்கக்கூடிய வெள்ளைப் பைபர் போட். உள்ளே டீசல் இஞ்சின். கோயிலுக்கு வருகிற சனத்தையும், சுற்றுலா வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஏற்றி உள்துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து இறக்குவோம். முதலாளி லிங்கநகரில் இருந்தார். துறைக்கு அருமையாக, எப்போதாவதுதான் வருவார்.

பத்து மாதம் எனக்குக் கயிறும் வாளியும்தான் வேலை. சனத்தைக் கைபிடித்து ஏற்றுவேன், பாதுகாப்பு அங்கிகளைக் கட்டிவிடுவேன், அவர்கள் வாந்தி எடுத்தால் கழுவுவேன், கதிரைக்குக் கீழே விட்டுப்போகிற சோளப்பொத்திகளையும் பிள்ளைத் துணிகளையும் பொறுக்குவேன். வடிவான கடல், வடிவான துறைமுகம் என்று சனம் படம் எடுக்கும். அந்த வடிவின் அடிப்பக்கம் முழுக்க என் கையில் பட்டது.

பதினோராம் மாதம் ஒருநாள், வெறும் போட்டை டீசல் அடிக்கிற துறைக்குக் கொண்டுபோகும்போது, “இந்தாங்கோ, படிச்ச ஆள், பிடியுங்கோ” என்று ஓட்டி அண்ணன் ஸ்டியரிங்கை என்னிடம் தந்தார்.

படித்த ஆளுக்கு எல்லாம் தெரியும். போட்டின் ஸ்டியரிங் வான், கார் ஸ்டியரிங் மாதிரி இல்லை என்று தெரியும். கையை விட்டால் அது தானாக நடுவுக்கு வராது. திருப்பின இடத்திலேயே நிற்கும். அதனால்தான் சுக்கான் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பி நிற்கிறது என்று காட்ட ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்கள். போட் மூக்கால் திரும்புவதில்லை, பின்பக்கத்தை வீசித்தான் திரும்பும் என்றும் தெரியும். கியரை நடுவில் விட்டால் ஸ்டியரிங்கைச் சுற்றிச் சுற்றிப் பிரயோசனமில்லை, காற்றாடி தள்ளுகிற தண்ணீர் சுக்கானில் பட்டால்தான் போட் சொல்வழி கேட்கும். இதெல்லாம் கொப்பியில் படம் கீறி, சிவப்பு மையால் அம்புக்குறி போட்டு எழுதி வைத்தவன் நான்.

துறைக்குக் கிட்ட வந்ததும் பயம் பிடித்தது. பயம் வந்தவுடன் கொப்பி மறந்துபோய், அப்பாவின் வள்ளம் கைக்கு வந்துவிட்டது. வள்ளத்தில் ஸ்டியரிங் இல்லை. பின்னால் தொங்குகிற இஞ்சினின் கைபிடிதான் எல்லாம். வலப்பக்கம் போகவேண்டும் என்றால் கைபிடியை இடப்பக்கம் தள்ளவேண்டும். எட்டு வயதிலிருந்து பழகின கை. போட்டை வலப்பக்கம் எடுக்கவேண்டிய இடத்தில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்கச் சுற்றினேன். போட்டின் மூக்கு துறைத் தூணைப் பார்த்துப் போனது. இன்னும் சுற்றினேன். சுக்கான் எங்கே நிற்கிறது என்று பார்க்க மீட்டரைப் பார்த்தேன். அங்கே குங்குமம்தான் என்னைப் பார்த்தது.

ஓட்டி அண்ணன் என்னை இடித்துத் தள்ளி கியர் லீவரைப் பின்னுக்கு இழுத்தார். தூணுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

“ஐயோ, படிச்சவர் துறையை இடிச்சுப் புதுசாக் கட்டித் தரப்போறாராம்!” என்று பக்கத்துப் போட்டிலிருந்து ஒருவர் கத்தினார்.

“சல்லி ஆள்தானே. ஸ்டியரிங்கையும் வள்ளத்து மண்ணெண்ணெய் இஞ்சினெண்டு நினைச்சிட்டார்.”

காது கொதித்தது. பிழை என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் சுக்கான் மீட்டர் தெரிந்திருந்தால் முதல் சுற்றிலேயே பிழையைக் கண்டிருப்பேன் என்பதும் உண்மை. அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்த ஏழையும் கழுவுவது என்று.

திங்கட்கிழமை சவாரி இல்லை. காலையிலேயே சல்லியிலிருந்து சைக்கிளில் வந்து, ஒரு வாளி சுடுதண்ணீரும் சவர்க்காரமும் பழைய பல் பிரஷும் கொண்டு இறங்கினேன். சந்தனம் ஊறி இளகியதும் உள்ளே இருந்தது வெளியே வரத் தொடங்கியது. எறும்பு முட்டை, கரப்பான் பூச்சியின் முட்டைக்கூடு, ஆரின் தலைமயிரோ தெரியவில்லை, ஒரு கற்றை. செத்துக் காய்ந்த பல்லிக்குட்டி ஒன்று சந்தனத்துக்குள் அச்சுப் பதித்துக் கிடந்தது. தண்ணீர் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, பிறகு என்ன நிறமென்றே சொல்ல ஏலாததாகியது. இரண்டு தரம் கரையில் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

ஆனாலும் ஒவ்வொரு முள்ளாக வெளியே வர எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதுதான் இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டுவது. இது எண்ணெய் அழுத்தம். இது விழுந்தால் உடனே நிற்பாட்டவேண்டும், யோசிக்க நேரமில்லை. இது பற்றரி. இது டீசல். இது இஞ்சின் மொத்தமாக எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று சொல்வது. இது சுக்கான். ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துத் தெரிந்துகொண்டவர்களை இப்போதுதான் நேரில் காண்கிற மாதிரி இருந்தது.

கடைசியாக வெப்ப மீட்டர். பிரஷ் போட்டுத் தேய்த்தபோது அதன் மயிர் ஒன்று கண்ணாடிக்குள் போனது.

குனிந்து பார்த்தேன். பிளாஸ்டிக் கண்ணாடியின் நடுவில், கடுகளவில் ஒரு ஓட்டை. டிரில்லால் போட்ட வட்டமான, சுத்தமான ஓட்டை. அதற்கு நேர் கீழே முள்ளின் அடியில் மஞ்சளாக ஒரு துளி, காய்ந்த சூப்பர் குளூ. முள் நட்ட நடுவில் நின்றது.

இஞ்சின் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குப் பிறகு ஓடவில்லை. பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடந்தது. குளிர்ந்த இஞ்சினில் வெப்ப முள் இடப்பக்க மூலையில் படுத்துக் கிடக்கவேண்டும். ஓடத் தொடங்கிச் சூடேற ஏறத்தான் மெல்ல எழும்பி நடுவுக்கு வரும். நடுவைத் தாண்டிச் சிவப்புக்குப் போனால் ஆபத்து. திறப்பைப் போட்டு இஞ்சினைக் கிளப்ப முன்னமே நடுவில் நிற்கிற முள் பொய் சொல்கிற முள். இது கொப்பியின் முதல் பக்கத்தில் இருந்தது.

பலகைக்குக் கீழே மல்லாந்து படுத்து ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். இஞ்சின் சுட்டால் கத்தவேண்டிய பஸரின் வயர் இரண்டும் வெட்டி, கறுப்பு டேப் சுற்றி மடித்து வைத்திருந்தது. வடிவாகச் சுற்றியிருந்தார்கள். அந்த டேப்பைச் சுற்றின அக்கறையில் பாதியை இஞ்சினுக்குக் காட்டியிருக்கலாம்.

நான் அப்படியே படுத்திருக்கும்போது ஓட்டி அண்ணன் வந்தார். கழுவின மீட்டர்களைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

“ஆரடா உன்னைத் தொடச் சொன்னது?”

அதுவரை ‘நீங்கள்’ போட்டுக் கதைத்தவர்.

“அண்ணை, இதில ஓட்டை கிடக்கு. முள்ளை ஒட்டி வச்சிருக்கு.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு, ஏதோ மீன் விலை சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்.

“முந்தி இந்த முள்ளு அரை மணித்தியாலம் ஓடினா மேல ஏறி நிக்கும். இஞ்சின் பழசு, அதின்ர குணம் அது. வான் ஓட்டுற ஆக்கள் போட்டில ஏறினா உடன கண்டுபிடிச்சிடுவினம். ‘ஐயோ சிவப்புக்குப் போகுது, திருப்புங்கோ’ எண்டு கரைச்சல். முதலாளி ஒட்டிவிடச் சொன்னவர். ஒட்டினன். ஓட்டை வடிவில்லை, அதுக்கு ஒரு பொட்டு வச்சன். ஒண்டுக்கு மட்டும் வச்சா ஆக்கள் கேப்பினம் எண்டு ஏழுக்கும் வச்சன்.”

“அப்ப கண்ணூறு படக்கூடாது எண்டுதான் பொட்டு எண்டு முந்தி எனக்குச் சொன்னீங்கள்?”

“அதுக்கும்தான்.”

சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை. பத்து மாதம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்தப் பலகைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் கற்பூரம் காட்ட, நான் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். சூப்பர் குளூத் துளி ஒன்றைக் கும்பிட்டிருக்கிறேன். இதற்குள் அம்மனையும் இழுத்துவிட்டார்களே என்பதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

அன்று பின்னேரம் முதலாளி வீட்டுக்கு வரச்சொன்னார். முன் அறையில் கதிரை போட்டு இருத்தி, பிளேன் டீ தந்தார். மெத்தப் பண்பாகக் கதைக்கிறவர்.

“தம்பிக்கு எப்ப வருசம் முடியுது?”

“வாற மாதம் ஐயா.”

“வாற மாதம் போட்டைச் சோதிக்கவும் வருகினம். எல்லாம் ஒரே நேரத்தில நல்லபடியா முடிஞ்சிடும், என்ன? கடிதத்தை நானே ரைப் பண்ணி வச்சிருக்கிறன்.” மேசை லாச்சியைத் திறந்து அதை எடுத்தும் காட்டினார். கையெழுத்து வைக்கிற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. “போட் சோதினை சரி வரவேணும். வராட்டி ஓடாத போட்டில நீங்கள் எங்க வேலை செய்தனீங்கள் எண்டு நான் எழுதிறது?”

“ஐயா, புது மீட்டர் ஒண்டு போட்டா…”

“புது மீட்டர் உண்மையைச் சொல்லும் தம்பி.” அவர் சிரித்தார். “பேந்து இஞ்சினையும் எல்லோ புதுசாப் போடவேணும்.”

டீ இனித்தது. அந்த இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு வீடு வரும்வரை போகவில்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளிய வா. அவன்ர இஞ்சினை அவன் பாக்கட்டும்” என்றார்.

போட்டைச் சோதிக்க அதிகாரி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலையிலேயே முதலாளி துறைக்கு வந்துவிட்டார், வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு. அரைத்த சந்தனத்தைச் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தார். ஓட்டி அண்ணன் கை நீட்டினார். முதலாளி அவரிடம் கொடுக்கவில்லை.

“தம்பி கழுவினவர். தம்பியே வைக்கட்டும்.”

ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு அப்போதே விளங்கியது. விளங்கியும் கிண்ணத்தை வாங்கினேன். முதலில் மேல் வரிசை, பிறகு கீழ் வரிசை. வெப்ப மீட்டருக்கு வந்தபோது ஓட்டையைச் சரியாக மூடுகிறதா என்று குனிந்து பார்த்து, போதாது என்று இன்னும் கொஞ்சம் வைத்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் வைத்தேன். எதையும் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று படித்தவன் அல்லவா.

அதிகாரி பாதுகாப்பு அங்கிகளை எண்ணினார். தீயணைப்பு உருளையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்குக்கு முன்னால் வந்து நின்றார். கையைச் சந்தனத்துக்குக் கிட்டக் கொண்டுபோனவர், தொடாமல் இழுத்து, பலகையின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஓட்டை போட்டவருக்குத் தெரிந்திருக்கிறது, எங்கள் ஊரில் பொட்டை எவரும் துடைத்துப் பார்க்க மாட்டார்கள் என்று. அந்த மரியாதையை நம்பித்தான் அந்த ஓட்டை போடப்பட்டிருக்கிறது. அதை நினைக்க எனக்கு உடம்பு கூசியது.

“செவ்வாய்க்கிழமையும் பூசையோ?” என்றார்.

“நீங்கள் வாறது எங்களுக்கு விசேஷம்தானே” என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள்.

“மீட்டர் எல்லாம் வேலை செய்யுதோ?”

“இவரைக் கேளுங்கோ. படிச்ச பிள்ளை. கடல் இயந்திரம் படிச்சவர்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். திறப்பு என் கையில் இருந்தது. இஞ்சின் குளிர்ந்து கிடந்தது. சந்தனத்தின் விளிம்புக்கு வெளியே முள்ளின் நுனி தெரிந்தது, நட்ட நடுவில். தெரிந்த ஆளுக்கு அந்த நுனி ஒன்றே போதும். அவர் அதைப் பார்த்தாரா, பார்த்தும் பார்க்காமல் விட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

“ஓம் சேர்” என்றேன். “எல்லாம் வேலை செய்யுது.”

மத்தியானம் கடிதம் என் கைக்கு வந்தது. கையெழுத்து நீல மையில், வடிவாக, கீழே கோடு இழுத்து. அதை மடிக்கும்போது மடிப்பில் மஞ்சளாக என் விரல் பதிந்துவிட்டது.

அடுத்த நாளே அதைச் சோதினைக்குப் பதிகிற அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அந்தக் கிழமை முழுக்க அங்கே போக நேரம் கிடைக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நெல் விளைகிற ஊர் ஒன்றிலிருந்து பதினெட்டுப் பேர் வந்தார்கள். அன்புவழிபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, கோயில் பார்த்து, துறைமுகமும் பார்க்க வந்த ஒரு பெரிய குடும்பம். மடியில் சின்னப் பெண்பிள்ளையோடு ஒரு அக்கா ஸ்டியரிங்குக்குப் பின் கதிரையில் இருந்தா. கடலில் போவது அதுதான் முதல்தரமாம். ஓட்டி அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில் நின்றேன்.

“தம்பி, உது என்ன மணிக்கூடுகளோ?”

“மீட்டர் அக்கா. இது இஞ்சின் எவ்வளவு சுடுது எண்டு காட்டிறது.”

“இப்ப எப்பிடி, சரியோ?”

வாய் தானாகத் திறந்தது. “நடுவில நிண்டா சரி அக்கா.”

அவ மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினா. “பாத்தியோ, நடுவில நிண்டாச் சரியாம். நீ பாத்துக்கொண்டிரு, அங்கால இஞ்சால போனா அம்மாட்டச் சொல்லு.” பிள்ளை பொட்டுக்கு வெளியே தெரிந்த ஒட்டின முள்ளின் நுனியையே கண் வெட்டாமல் பார்க்கத் தொடங்கியது. அம்மா கொடுத்த வேலை.

துறைமுகத்தின் நடுவுக்கு வந்திருப்போம். முதலில் ஒரு மணம் வந்தது. சூடான பெயின்ற், அதற்குப் பின்னால் எரிகிற றப்பர். நான் பின்பக்கம் ஓடிப் பார்த்தேன். புகைக்குழாயிலிருந்து புகையோடு தண்ணீர் துப்பிக்கொண்டு வரவேண்டும். அடியால் உறிஞ்சின கடல்தண்ணீர் இஞ்சினைக் குளிரப்பண்ணிவிட்டு வெளியேறுகிற வழி அது. தண்ணீர் இல்லை. வெறும் புகை.

“அண்ணை, நிப்பாட்டுங்கோ! தண்ணி வரேல்ல!”

“துறைக்குப் போய்ப் பாப்பம்.”

“அதுவரைக்கும் தாங்காது அண்ணை!”

“சும்மா இரடா, சனம் பயப்பிடும்.”

பிள்ளை இன்னும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தது. “அம்மா, நடுவிலதான் நிக்குது” என்றது.

நான் ஓட்டி அண்ணனின் கைக்குக் கீழால் கையை விட்டு, நிற்பாட்டுகிற பிடியை இழுத்தேன். இஞ்சின் இருமி நின்றது. உடனே சனத்தின் சத்தம் எழும்பியது. ஓட்டி அண்ணன் என்னைத் தூசணத்தால் ஏசினார். அந்தச் சொற்களை இங்கே எழுத ஏலாது. நான் சேட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் குதித்தேன்.

அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மேலே டீசல் படலம் வானவில் நிறத்தில் மிதந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போட்டின் அடியில் தடவித் தடவிப் போனேன். பாசி வழுக்கியது. தண்ணீர் உறிஞ்சுகிற கம்பிவலையில் கை பட்டபோது தோல் மாதிரி ஏதோ ஒன்று ஒட்டிக்கிடந்தது. பிய்த்தெடுத்து மேலே வந்து பார்த்தேன். லஞ்ச் சீட். சோறு கட்டுகிற பிளாஸ்டிக் தாள். மடிப்புக்குள் கொழகொழவென்று கறி, ஒரு மீன்முள், ஊதிப்போன நாலு சோற்றுப் பருக்கை. எங்களிடம் ஏறின எந்தச் சனத்தின் சாப்பாடோ. நான் பொறுக்காமல் விட்டதாகவும் இருக்கலாம்.

போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். பிறகு ஏறினேன்.

“தம்பி,” என்று அந்த அக்கா கேட்டா, முகம் வெளுத்திருந்தது. “முள்ளு நடுவிலதானே நிண்டது? பேந்து ஏன் எரிஞ்ச மணம்?”

ஓட்டி அண்ணன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார். கடிதம் வீட்டு அலுமாரியில் இருந்தது, கையெழுத்தோடு. நான் ஈரக்கையாலேயே வெப்ப மீட்டரின் பொட்டைச் சுரண்டினேன். நகத்துக்குள் சந்தனம் ஏறியது. ஓட்டை தெரிந்தது. மஞ்சள் துளி தெரிந்தது.

“இது ஒட்டி வச்ச முள்ளு அக்கா. இது அசையாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உங்களுக்குச் சரியெண்டு சொன்னனான்.”

அவ பிள்ளையை இழுத்து மற்றத் தொடையில் வைத்துக்கொண்டா. “சீ” என்று ஒரு சொல் சொன்னா. ஆரைப் பார்த்துச் சொன்னா என்று நிச்சயமாகச் சொல்ல ஏலாது. ஆனால் பக்கத்தில் நின்றது நான்தான்.

அரை மணித்தியாலம் ஆறவிட்டு, திரும்பக் கிளப்பி, ஊர்ந்து ஊர்ந்து துறைக்கு வந்தோம். வருகிற வழி முழுக்க நான் பின்பக்கம் புகைக்குழாயைப் பார்த்தபடி இருந்தேன், தண்ணீர் துப்புகிறதா என்று. ஒருவரும் படம் எடுக்கவில்லை. அன்று பின்னேரமே முதலாளி போனில், “நாளைக்கு வரத் தேவையில்லை தம்பி” என்றார். அப்போதும் ‘தம்பி’தான்.

கடிதத்தை அவர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் அலுமாரியைத் திறந்து திறந்து பார்த்தேன். ‘மேற்படி படகின் கருவிகள் அனைத்தையும் நன்கு கற்றறிந்தவர்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அது பொய்யில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது. மூன்றாம் நாள் கடிதத்தோடு என் கையால் எழுதின இன்னொரு தாளையும் வைத்து, சோதினைக்குப் பதிகிற அலுவலகத்தில் கொடுத்தேன். வெப்ப மீட்டர் ஒட்டப்பட்டிருந்தது, பஸர் வெட்டப்பட்டிருந்தது, அதிகாரி கேட்டபோது நான் பொய் சொன்னேன் என்று அதில் எழுதியிருந்தேன்.

மேசையில் இருந்தவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“இதை ஏன் எழுதினீங்கள்? உங்களை ஆரும் கேட்டவையோ?”

“இல்லை சேர்.”

“இதை நான் வாங்கினா அந்தப் போட்டின்ர சோதினையைத் திரும்பச் செய்யவேணும். உங்கட ஒரு வருசமும் கணக்கில வராது. விளங்குதோ? எடுத்துக்கொண்டு போங்கோ, நான் பாக்கேல்ல.”

அழுகின ஏதோ ஒன்றைப் பிடிக்கிற மாதிரி அந்தத் தாளை விரல் நுனியால் பிடித்து என் பக்கம் தள்ளினார். நான் திரும்ப அவர் பக்கம் தள்ளினேன்.

வருடம் கணக்கில் வரவில்லை. அப்பா ஒன்பது நாள் என்னோடு கதைக்கவில்லை. பத்தாம் நாள் கதைத்தபோதும், “வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கலாம். எழுதப் படிக்கத் தெரிஞ்சதால வந்த வினை” என்றுதான் தொடங்கினார். அவர் சொன்னதில் பிழை சொல்ல ஏலாது. எழுதத் தெரியாதவன் அந்தத் தாளை எழுதியிருக்க மாட்டான்.

அந்தப் போட் இப்போதும் ஓடுகிறது. புது மீட்டர் பூட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி. இஞ்சின் பழையதுதானாம். ஓட்டி அண்ணன் என்னைத் துறையில் கண்டால் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். எனக்கும் அது வசதி.

நான் வேறொரு போட்டில் சேர்ந்து, முதலாம் நாளிலிருந்து திரும்ப எண்ணத் தொடங்கியிருக்கிறேன். இன்றோடு நாலு மாதம். சின்னப் போட், மூன்றே மூன்று மீட்டர். காலையில் சனம் வரமுன் திறப்பைப் பாதி திருப்பிவிட்டு முள்ளைப் பார்ப்பேன். குளிர்ந்த இஞ்சின், முள் மூலையில் படுத்துக் கிடக்கும். கண்ணாடியை விரலால் தட்டுவேன், ஒரு நடுக்கம் நடுங்கும். அதைப் பார்த்த பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பேன்.

சந்தன மணம் மட்டும் எனக்கு இன்னும் ஆகவில்லை. சல்லி அம்மன் கோயிலில் ஐயர் கையில் வைத்துவிடுகிறதை நெற்றிக்குக் கொண்டுபோவதில்லை. அம்மா பார்க்காத நேரம் கையைச் சாரத்தில் துடைத்துவிடுகிறேன். துடைத்த இடம் மஞ்சளாகத் தெரியும். வீட்டுக்கு வந்து, அதை நானே கழுவுவேன்.